‘ஃபார்பிடன் பிளானட்’ மறுஆக்கம்: கிரெல் இனத்தின் முகத்தைக் காட்டிவிடுவார்களா?

பதிவு 1 (இழையைத் தொடங்கியவர்)

1956-ஆம் ஆண்டில் எம்.ஜி.எம். நிறுவனம் வெளியிட்ட ‘ஃபார்பிடன் பிளானட்’ திரைப்படத்தை வார்னர் பிரதர்ஸ் மீண்டும் எடுக்கவிருக்கிறது என்றும், காமிக்ஸ் எழுத்தாளர் பிரையன் கே. வாகன் அதற்குத் திரைக்கதை எழுதுகிறார் என்றும் 2024-ஆம் ஆண்டின் இறுதியில் செய்தி வந்தது. அன்று முதல் எனக்கு மகிழ்ச்சியும் கலக்கமும் மாறி மாறி வருகின்றன. எது மிகுதி என்று எனக்கே தெளிவாகவில்லை என்பதால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். படத்தின் முடிவு வரை பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. தொண்ணூற்றெட்டு நிமிடங்கள்தான்.

கதை எளிமையானது. இருபது ஆண்டுகளுக்கு முன் ஆல்டேர் விண்மீனின் நான்காம் கோளுக்குச் சென்ற ஓர் ஆய்வுக் குழு என்ன ஆனது என்று அறிய இன்னொரு விண்கலம் அங்கே இறங்குகிறது. மோர்பியஸ் என்ற மொழியியல் அறிஞரும், அந்தக் கோளிலேயே பிறந்து வளர்ந்த அவருடைய மகள் ஆல்டைராவும் மட்டுமே அங்கே எஞ்சியிருக்கிறார்கள். மற்றவர்களைக் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு சக்தி கொன்றுவிட்டது என்கிறார் மோர்பியஸ். கோளின் அடியில், ஒவ்வொரு பக்கமும் இருபது மைல் நீளம் கொண்ட ஒரு பெரும் இயந்திரம் இன்றும் பழுதின்றி இயங்கிக்கொண்டிருக்கிறது. அதைக் கட்டிய கிரெல் என்னும் இனம், இரண்டு லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரே இரவில் அழிந்துபோனது.

என் கலக்கம் அந்தக் கிரெல்களைப் பற்றியதே. படம் முழுவதிலும் அவர்களுடைய உருவம் ஒருமுறைகூடக் காட்டப்படுவதில்லை. ஓவியம் இல்லை, சிலை இல்லை, எலும்புக்கூடும் இல்லை. அவர்கள் நடமாடிய கதவுகளின் வடிவம் மட்டுமே இருக்கிறது. மேலே குறுகிக் கீழே அகன்று விரியும் அந்த வாயிலைக் காட்டி, இதன் வழியாகச் சென்றவர்களின் உடல் எப்படி இருந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள் என்று மோர்பியஸ் விட்டுவிடுகிறார். பல ஆண்டுகளாக நான் எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதையும் உருவாக்கித் தரவல்ல கணினி வரைகலை கையில் இருக்கும்போது, ஒன்றைக் காட்டாமல் இருக்கும் துணிவு இன்றைய ஒரு பெரிய படநிறுவனத்துக்கு இருக்குமா? முதல் பத்து நிமிடத்திலேயே கிரெல் நகரத்தின் கடைசி இரவை விரிவாகக் காட்டிவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன்.

பதிவு 2

தங்கள் அச்சம் புரிகிறது. ஆயினும் மறுஆக்கம் என்ற சொல்லைக் கேட்டவுடன் முகம் சுளிக்கும் உரிமை இந்தப் படத்தின் ரசிகர்களுக்கு மற்ற எவரையும்விடக் குறைவு என்று கருதுகிறேன். ஏனெனில் இது ஷேக்ஸ்பியரின் ‘டெம்பெஸ்ட்’ நாடகத்தை விண்வெளிக்குக் கொண்டுபோன படம். தீவில் மகளோடு தனித்து வாழும் மந்திரவாதி பிராஸ்பெரோ இங்கே மோர்பியஸ் ஆகிறார். மிராண்டா ஆல்டைரா ஆகிறாள். ஏவல் செய்யும் ஏரியல், ராபி என்ற இயந்திர மனிதனாகிறது. கேலிபன் இருந்த இடத்தில் அந்தக் கண்காணாத மிருகம் நிற்கிறது. ஏறத்தாழ 1611-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஒரு நாடகத்தை எடுத்து, அதன் மந்திரத்தை நீக்கிவிட்டு ஃபிராய்டின் உளவியலை வைத்தவர்கள் அவர்கள். அதை நாம் களவு என்று சொல்வதில்லை.

நம் மொழியிலேயே மிகப் பெரிய காவியம் மறுமுறை பாடப்பட்ட கதைதானே? பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட நினைத்த பூனையோடு தன்னை ஒப்பிட்டுக்கொண்டு தொடங்கிய கம்பர், வான்மீகி சொல்லாதவற்றையும் சொல்லி முடித்தார். மறுபடி சொல்வது பிழை அன்று. சொல்வதற்குத் தன்னிடம் ஏதும் இல்லாமல் சொல்வதே பிழை.

அறிவியல் புனைகதைப் படங்களிலேயே சான்று உண்டு. 1958-இல் வந்த ‘தி ஃபிளை’ படத்தில் விஞ்ஞானியின் தலையும் கையும் ஈயின் தலையோடும் காலோடும் இடம் மாறிவிடுகின்றன. அது ஓர் அதிர்ச்சிக் காட்சி, அவ்வளவுதான். 1986-இல் டேவிட் குரோனன்பர்க் அதே கதையை எடுத்தபோது, இடமாற்றத்தை விட்டுவிட்டு மரபணுக்கள் கலந்துவிடுவதாக மாற்றினார். அந்த ஒரு மாற்றத்தால், ஒரே நொடியில் முடிந்த விபத்து நாள்தோறும் உடலைத் தின்னும் நோயாக மாறிவிட்டது. பல் உதிர்வதையும் நகம் கழன்று வருவதையும் அந்த மனிதன் தானே குறித்துக்கொண்டு, நேசிக்கும் பெண்ணின் கண்முன்னே சிதைந்துபோகிறான். பழைய படத்தை மதிக்கும் நானும் புதியதையே மேலானது என்பேன். ஜான் கார்பென்டரின் 1982-ஆம் ஆண்டுப் படமான ‘தி திங்’ பற்றியும் இதையே சொல்லலாம்.

பதிவு 3

கிரெல்களின் முகத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கோ காதுதான் கவலை.

இந்தப் படத்தில் இசைக்குழுவே கிடையாது. லூயி பாரன், பீபி பாரன் என்ற கணவன் மனைவி இருவரும் தங்கள் நியூயார்க் கூடத்தில் மின்சுற்றுகளைத் தாங்களே கட்டி, அவற்றிலிருந்து எழுந்த ஒலிகளை நாடாவில் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, வேகத்தை மாற்றி இந்தப் படத்தின் ஒலி முழுவதையும் உருவாக்கினார்கள். முழுநீளத் திரைப்படம் ஒன்றுக்கு முற்றிலும் மின்னணு முறையில் அமைந்த முதல் இசை இதுவே என்று கொள்கிறார்கள். மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி வருவதற்கு இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்த காலம் அது. உயிர்களும் இயந்திரங்களும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் முறையைப் பேசும் நார்பர்ட் வீனரின் சைபர்னெடிக்ஸ் நூலைப் படித்துவிட்டு, உயிர்களைப் போலத் தூண்டலுக்கு எதிர்வினை காட்டும் சுற்றுகளை லூயி அமைத்தார். மிகுதியான மின்சாரம் செலுத்தப்பட்ட அந்தச் சுற்றுகள் அலறி, தடுமாறி, கடைசியில் எரிந்துபோயின. எரிந்துபோன சுற்று அதே ஒலியை மறுமுறை தராது. ஆகவே அந்த மிருகம் வரும்போது நாம் கேட்பது, உண்மையிலேயே ஏதோ ஒன்று அழிந்துகொண்டிருக்கும் ஒலியாகும்.

இசைக்கலைஞர்களின் சங்கத்தோடு சிக்கல் வரக்கூடாது என்பதற்காகப் படத்தின் தலைப்புப் பட்டியலில் இதை ‘இசை’ என்று குறிப்பிடாமல், ‘எலெக்ட்ரானிக் டோனாலிட்டிஸ்’ என்று எழுதினார்கள். அந்தப் பெயரின் காரணமாகவே இசைக்கான ஆஸ்கர் போட்டியில் அவர்களால் இடம்பெற முடியவில்லை. அந்தச் சிறுமையிலும் ஒரு நன்மை விளைந்தது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இசை எது, விண்கலத்தின் இரைச்சல் எது, அந்தக் கோளின் காற்று எது என்று பிரித்தறிய முடியாதபடி அமைந்த ஒலியை இசை என்று அழைத்திருந்தால் நாம் அதை இசையாகத்தான் கேட்டிருப்போம்.

புதிய படத்தில் அறுபது வயலின்களும் ஒரு கூட்டுப்பாடலும் வைத்து நமக்கு எப்போது அச்சம் வரவேண்டும், எப்போது கண்ணீர் வரவேண்டும் என்று சொல்லித் தருவார்கள் என்றே நினைக்கிறேன். பழைய ஒலிகளை ஆங்காங்கே ‘மரியாதை செலுத்தும்’ விதமாகத் தூவினால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

பதிவு 4

நான் சென்ற மாதம்தான் இந்தப் படத்தை முதன்முறையாகப் பார்த்தேன். மூத்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு முதல் ஒரு மணி நேரத்தைக் கடப்பது எளிதாக இல்லை. கலத்தில் இருப்பவர்கள் அனைவரும் ஆண்கள். வாழ்நாளில் தந்தையைத் தவிர வேறு மனிதரையே பார்த்திராத ஒரு பெண்ணிடம் ஓர் அதிகாரி முத்தத்தின் பயன்களைப் பாடமாக எடுக்கிறார். அதைக் கண்டு சினம் கொள்ளும் தளபதி, அந்த அதிகாரியைக் கண்டிப்பதோடு நிற்காமல், உன் உடைதான் காரணம் என்று அவளையும் சேர்த்துக் கடிந்துகொள்கிறார். அவளும் போய் உடலை மறைக்கும் புதிய உடையை ராபியிடம் தைத்துத் தரச் சொல்கிறாள். இதைச் செவ்வியல் படைப்பு என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக என்னால் இயலவில்லை. மீண்டும் எடுப்பதற்கு வேறு காரணமே தேவையில்லை, இது ஒன்று போதும் என்று அப்போது தோன்றியது.

ஆனால் மின்வேலியில் மோதிய மிருகத்தின் உருவம் சிவந்த கோடுகளாக எரிந்து தெரியும் காட்சியைப் பார்த்த பிறகு, இதை யாரும் தொடாமல் இருந்தால் நல்லது என்றும் தோன்றியது. அதனால் நானும் உங்கள் கட்சிதான். இரண்டு கட்சியிலும் இருக்கிறேன்.

பதிவு 5 (இழையைத் தொடங்கியவர்)

பொறுத்துக்கொள்ள ஒன்றுமில்லை, நண்பரே. ஆல்டைராவைப் பற்றி நீங்கள் சொன்னது அனைத்தும் உண்மை. அந்த உடைக் காட்சி வரும்போது நானும் நாற்காலியில் நெளிவதுண்டு. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அவள் வளர்த்த புலி ஒன்று வருகிறது அல்லவா? அவள் தொட்டால் பூனைபோல் குழையும் அந்தப் புலி, தளபதியை அவள் முத்தமிட்ட பிறகு அவளை அடையாளம் காணாமல் பாய்கிறது. தளபதி அதைச் சுட்டு ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறார். ஏன் அது தன்னை மறந்தது என்று அவளுக்குப் புரிவதில்லை. அந்த ஒரு கணத்தில் மட்டும் படம் அவளுடைய பக்கத்தில் வந்து நிற்கிறது. அடுத்த கணமே விலகிவிடுகிறது. மறுஆக்கம் செய்பவர்கள் தொடங்க வேண்டிய இடம் அதுதான் என்று நினைக்கிறேன். பிறந்த நாள் முதல் ஒரு கோளையே வீடாகக் கொண்டவளுக்கு, வந்திறங்கிய அந்நியர்கள் எப்படித் தோன்றியிருப்பார்கள் என்ற கேள்வியை 1956-ஆம் ஆண்டுப் படம் கேட்கவே இல்லை.

பதிவு 6

படத்தின் மையக் கருத்துக்கு வருவோம். கிரெல்களின் இயந்திரம் எதற்காகக் கட்டப்பட்டது? கையோ கருவியோ இல்லாமல், மனத்தில் நினைத்த மாத்திரத்தில் நினைத்த பொருளை நினைத்த இடத்தில் தோற்றுவிப்பதற்காக. ஒரு மாபெரும் அறிவார்ந்த இனம், தன் ஆழ்மனத்தில் இன்னும் உயிரோடு இருந்த பழைய விலங்கை மறந்துவிட்டு, அந்த விலங்கின் கையிலும் அதே ஆற்றலைக் கொடுத்துவிட்டது. உறங்கும்போது அவர்களுடைய பொறாமையும் வன்மமும் உருவெடுத்து எழுந்து ஒருவரை ஒருவர் கிழித்துப் போட்டன. படம் அதை ஃபிராய்டின் சொல்லால் ‘இட்’ என்று அழைக்கிறது. கிரெல்களின் கல்விக் கருவியால் தன் அறிவைப் பெருக்கிக்கொண்ட மோர்பியஸுக்கும் அதேதான் நேர்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் தன் தோழர்களைக் கொன்றதும், இப்போது மகளைப் பிரிக்க வந்தவர்களைக் கொல்வதும் அவருடைய உறங்கும் மனமே.

கேட்டதை உடனே ஆக்கித் தரும் இயந்திரங்களோடு நாம் இன்று வாழ்கிறோம். ஒரு வரி எழுதினால் படம் வருகிறது, குரல் வருகிறது, இல்லாத மனிதரின் முகம் வருகிறது. அவற்றைக் கொண்டு மக்கள் முதலில் செய்தவற்றில் அழகானவையும் உண்டு, வெளியில் சொல்லக் கூசுபவையும் உண்டு. எனவே இந்தக் கதையை மீண்டும் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான காலம் இல்லை. நான் எழுதுவதாக இருந்தால் ஒரு மாற்றம் செய்வேன்: அந்த மிருகம் மோர்பியஸ் ஒருவருடையது மட்டுமாக இராது. கலத்தில் வந்திறங்கிய ஒவ்வொருவரின் அடிமனமும் அந்த இயந்திரத்தோடு பிணைந்துவிடும். இன்றைய இயந்திரம் ஓர் அறிஞரின் நிலவறையில் பூட்டிக் கிடக்கவில்லை. எல்லாருடைய கையிலும் இருக்கிறது.

பதிவு 7 (இழையைத் தொடங்கியவர்)

கருத்து கவர்ச்சியாக இருக்கிறது, ஆனால் ஏற்க இயலவில்லை. மிருகம் எல்லாருடையதும் ஆகிவிட்டால், அது எவருடையதும் ஆகாது. இறுதிக் காட்சியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கிரெல் உலோகத்தால் ஆன கதவை வெளியே இருந்து அது உருக்கிக்கொண்டிருக்கிறது. சுவர் முழுவதும் வரிசையாக அளவுமானிகள். ஒவ்வொன்றும் தனக்கு முந்தையதைப்போலப் பத்து மடங்கு ஆற்றலைக் காட்டுபவை. அவை ஒன்றன்பின் ஒன்றாக ஒளிர்ந்துகொண்டே போகின்றன. ராபியிடம் அதைக் கொல்லும்படி மோர்பியஸ் கட்டளையிடுகிறார். மனிதரைக் கொல்லக்கூடாது என்று கட்டப்பட்ட ராபி அசையாமல் நின்று, உள்ளே மின்பொறி தெறித்து முடங்கிப்போகிறது. ஏனென்றால் கதவுக்கு வெளியே நிற்பது யார் என்று மோர்பியஸ் ஒப்புக்கொள்வதற்கு முன்பே ராபிக்குத் தெரிந்துவிட்டது. ஒரு தந்தை தன் மகளின் அருகில் நின்றுகொண்டு, அவளைக் கொல்ல வருவது தன் மனமே என்று அறியும் அந்த இடத்தைப் பத்துப் பேருக்குப் பங்கிட்டுக் கொடுத்தால், குற்றம் என்பது வெறும் விபத்தாகிவிடும்.

இரண்டாம் பதிவில் எழுதிய நண்பர் ‘டெம்பெஸ்ட்’ நாடகத்தைக் குறிப்பிட்டார். அதன் முடிவில் கேலிபனைக் காட்டி, இந்த இருள் என்னுடையதே என்று பிராஸ்பெரோ ஏற்றுக்கொள்கிறான். ஏற்றுக்கொண்டவன் உயிரோடு ஊர் திரும்புகிறான். மோர்பியஸ் மிகத் தாமதமாக ஏற்கிறார். அதனால் அவரும் போகிறார், அந்தக் கோளும் போகிறது. தனி ஒருவரின் தாமதம் அது.

பதிவு 8

‘இன்றைய காலத்துக்குப் பொருத்தமான கருத்து’ என்பதைக் கேட்டாலே எனக்கு 2008-ஆம் ஆண்டு வந்த ‘தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்’ நினைவுக்கு வந்துவிடுகிறது. 1951-ஆம் ஆண்டு மூலப்படத்தில் வேற்றுலகத் தூதன் அணு ஆயுதத்தைப் பற்றி எச்சரித்தான். புதியதில் அது சுற்றுச்சூழல் அழிவாக மாற்றப்பட்டது. மாற்றம் நியாயமானதே, கவலையும் உண்மையானதே. எனினும் பழைய படத்தில் அசையாமல் நின்றே நம்மை நடுங்க வைத்த கோர்ட் என்ற இயந்திர மனிதன், புதிய படத்தில் நுண்ணிய இயந்திரப் பூச்சிகளின் திரளாக மாறிப் பறந்து வண்டிகளையும் கட்டடங்களையும் அரித்துத் தின்றது. திரையில் மிகுதியாக நடந்தது. எனக்குள் ஒன்றுமே நடக்கவில்லை. கருத்தைப் புதுப்பித்தவர்கள் அச்சத்தைப் புதுப்பிக்க மறந்துவிட்டார்கள்.

பதிவு 9

ராபியைப் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லையே! அதைக் கட்டுவதற்கு அன்றைக்கே ஏறத்தாழ 1,25,000 டாலர் செலவானதாகச் சொல்வார்கள். 2017-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் நடந்த ஏலத்தில் அந்த மூல உருவம் 53 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. புதிய ராபி பளபளப்பாக, ஒல்லியாக, நகைச்சுவையாகப் பேசுவதாக வந்தால் நான் திரையரங்கிலிருந்து எழுந்து போய்விடுவேன். அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

பதிவு 10

எட்டாம் பதிவுக்கு ஒரு துணைக் குறிப்பு. மூலப்படம் வரைகலையை மறுத்த படம் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. தன் காலத்தின் மிக உயர்ந்த தந்திரக் காட்சிகளுக்காகப் பெரும்பொருளைச் செலவிட்ட படம் அது. சிறப்புக் காட்சிகளுக்கான ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. மின்வேலியில் தெரியும் மிருகத்தை வரைவதற்காக டிஸ்னி நிறுவனத்திலிருந்து ஜோஷுவா மீடர் என்ற அசைவுப்பட ஓவியரையே இரவல் வாங்கினார்கள். ஆகவே அதைக் காட்டாதது பணமின்மையால் அன்று. இவ்வளவு திறமையைக் கையில் வைத்துக்கொண்டு சில நொடிகள் மட்டும், அதுவும் வெறும் கோடுகளாக மட்டும் காட்டினால் போதும் என்று அன்று யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள். நான் இன்றைய படக்குழுவிடம் எதிர்பார்ப்பது அந்த முடிவைத்தான். பழைய தொழில்நுட்பத்தை அன்று.

மேலும், பழைய படம் எங்கும் போய்விடாது, புதியது பிடிக்காவிட்டால் அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று வழக்கமாக ஒரு சமாதானம் சொல்லப்படும். நானும் அதை நம்பியவன். இப்போது முழுவதும் நம்புவதில்லை. ஒரு பெயரைத் தேடினால் முதலில் வருவது புதிய படமே. அதைப் பார்த்துச் சலித்த ஓர் இளைஞர், அதே பெயருள்ள பழையதைத் தேடிப் போவாரா? போகமாட்டார். நல்ல மறுஆக்கம் மூலத்துக்கு ஆள் சேர்க்கும். மோசமானது அதன் வாசலை அடைத்துவிடும்.

பதிவு 11

இது நடக்குமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தப் படத்தை மறுபடி எடுக்கும் பேச்சு புதியதன்று. 2008 வாக்கில் ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி இதற்காக ஒரு திரைக்கதையே எழுதினார், அது படமாகவில்லை. அதனால் கவலையையும் மகிழ்ச்சியையும் சற்றே தவணை முறையில் செலவிடலாம்.

வாகனின் பெயர் எனக்கு நம்பிக்கை தருகிறது என்பதையும் பதிவு செய்கிறேன். விண்வெளிப் போருக்கு நடுவே ஒரு குழந்தையை வளர்க்கப் பாடுபடும் பெற்றோரைப் பற்றிப் பல ஆண்டுகளாகச் சித்திரக்கதை எழுதிவருபவர் அவர். தந்தைக்கும் மகளுக்கும் நடுவில் இருப்பதை அவர் வெறும் சண்டைக் காட்சிக்கான சாக்காகப் பயன்படுத்தமாட்டார் என்று எதிர்பார்க்கிறேன்.

பதிவு 12 (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் நன்றி. தொடங்கும்போது இருந்ததைவிட இப்போது என் குழப்பம் கூடியிருக்கிறது. ஆனால் அது தெளிவான குழப்பம்.

ஒரு செய்தியை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். படம் தொடங்கும்போது ஒரு குரல், மனிதர்கள் இருபத்தொன்றாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் நிலவில் இறங்கினார்கள் என்று அறிவிக்கிறது. படம் வெளிவந்து பதின்மூன்று ஆண்டுகளில், 1969-லேயே மனிதர்கள் அங்கே போய்விட்டார்கள். இயந்திரங்களைப் பற்றி அந்தப் படம் போட்ட கணக்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேல் பிழை. மனத்தைப் பற்றிப் போட்ட கணக்கில் எனக்கு இன்னும் பிழை தென்படவில்லை. புதிய படத்தில் அந்த முதல் வாக்கியத்தைத் திருத்துவார்கள், திருத்தட்டும். ஆல்டைராவைத் திருத்தட்டும். கலத்தில் பெண்களை ஏற்றட்டும். ஆறாம் பதிவின் நண்பர் சொன்னதுபோல் மிருகத்தைப் பலருக்குப் பங்கிட்டாலும் முணுமுணுத்துக்கொண்டே பார்த்துவிடுவேன்.

அந்தக் கதவு வரும்போது மட்டும் ஒளிப்பதிவுக் கருவி எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். கதவுக்கு இந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டால், மறுநாளே இரண்டாம் முறைக்கு நுழைவுச்சீட்டு வாங்குவேன்.